அக்காவின் பெடல்

என் அக்காவின் வலது கால் சும்மா இருக்காது. நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது யாராவது ஒரு வார்த்தையை முழுங்கிவிட்டால் போதும், மேஜைக்கு அடியில் அந்தக் கால் தரையில் இடது பக்கமாக ஓர் அழுத்து அழுத்தும். அழுத்தினால் பேச்சு இரண்டு விநாடி பின்னால் போய்த் திரும்ப வரும் என்று அந்தக் காலுக்கு நினைப்பு. பத்தொன்பது வருஷப் பழக்கம்.

ஆஸ்பத்திரி டாக்டர்கள் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து வாயால் சொல்லிப் பதிவு செய்வதை, வீட்டில் உட்கார்ந்து கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. காதில் ஹெட்போன், கை கீபோர்டில், கால் பெடலில். பெடலின் நடுவை மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். இடது ஓரத்தை மிதித்தால் பின்னால் போகும், வலது ஓரம் முன்னால். கண் திரையை விட்டு நகராது, கை எழுத்தை விட்டு நகராது. செருப்பைக் கழற்றிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் வீடு இடிந்தாலும் தெரியாது.

டாக்டர்களின் முகம் அவளுக்குத் தெரியாது, வாய் மட்டும்தான் தெரியும். ஒருத்தர் எதையாவது மென்றுகொண்டேதான் சொல்வார். அவருக்கு அசைபோடுறவர் என்று பெயர் வைத்திருந்தாள். வாக்கியத்துக்கு ஒரு தரம் மூக்கை உறிஞ்சுகிறவர் உறிஞ்சி. ஒரு நாள் நான் ஹெட்போனை மாட்டிப் பார்த்து, அசைபோடுறவர் எச்சில் முழுங்கும் சத்தம் கேட்டு, கழற்றி எறிந்துவிட்டேன். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அக்கா சிரித்தாள். அந்த அசைபோடுறவர் ஒரு தடவை இடது சிறுநீரகம் என்று ஆரம்பித்து வலது சிறுநீரகம் என்று முடித்தார். அக்கா மூன்று தரம் பெடலை மிதித்துக் கேட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினாள். மறுநாள் திருத்தம் வந்தது. நன்றி ஒன்றும் வரவில்லை. "யாரோ ஒருத்தருக்கு நல்ல கிட்னி மிஞ்சிச்சு, அது போதும்" என்றாள். கல்யாணம் வேண்டாம், யார் வீட்டிலும் ஒட்டிக்கொள்ள வேண்டாம், இது போதும் என்று இருக்கிறவள்.

நான் இரண்டாவது மாடி, அவள் கீழ் வீடு. நான் ஒரு பல் டாக்டரிடம் கருவிகளைக் கழுவிச் சூட்டில் வைத்து எடுக்கும் வேலை பார்க்கிறேன். ஊரார் வாய்க்குள் போய் வந்த சாமான்களை நாள் முழுக்கத் தேய்க்கிறவளுக்கு அழுக்கைக் கண்டால் கை தானாகப் போகும். எனக்கு வாய்த்தவரோ அழுக்கே உருவானவர். டயர் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். ஆனால் கம்ப்யூட்டர் என்று யாராவது சொல்லிவிட்டால் கண் மின்னும். எங்கள் வீட்டு இஞ்சினியர் என்றுதான் நான் சொல்வேன், மரியாதைக்காக அல்ல. வறுவலைத் தின்ற விரலாலேயே திரையைத் தொடுவார். திரையில் கேள்விப் பெட்டி எது வந்தாலும் படிக்காமல் 'சரி' என்று அழுத்துவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தாள். கேபிள்காரர் வந்தால் கதவு திறந்துவிடச் சொல்லிச் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கேபிள்காரர் வந்து போன பிறகும் இவர் மேலே வரவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் கம்ப்யூட்டரின் மூலையில், உங்கள் சிஸ்டம் பழையது, புதியதுக்கு மாறலாமா என்று ஒரு பெட்டி பல நாளாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தினமும் மூடிவிடுவாள். இவர் மூடவில்லை.

அக்கா திரும்பி வந்தபோது இவர் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்தார்.

"அக்கா, உங்க பழைய வண்டிக்குப் புது இஞ்சின் போட்டாச்சு!"

திரையில் எழுத்தெல்லாம் பூசணிக்காய் சைசில் நின்றது. சத்தம் வரவில்லை. அக்கா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பெடலை மிதித்தாள். ஒன்றும் ஓடவில்லை. மறுபடி மிதித்தாள். இவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்து பெடலையே பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் திட்டாததற்கும் சேர்த்து நான் திட்டினேன்.

"உங்களை யாருங்க கேட்டா? கை அரிச்சா சுவத்துல தேச்சுக்க வேண்டியதுதானே?"

"இலவசம்மா. இலவசமா குடுக்கறான். வேணாம்னு சொல்ல முடியுமா?"

மறுநாள் அக்காவுக்கு வேலை கொடுக்கும் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் டாக்டர் பேசுவதை இயந்திரமே கேட்டுத் தட்டச்சு செய்துவிடுமாம். மனிதர்கள் அதைத் திருத்திக் கொடுத்தால் போதுமாம். இயந்திரத்துக்குப் பிடிபடாத குரல்களுக்கு மட்டும் பழைய ஆட்களில் சிலரை நேரடி வேலையில் வைத்துக்கொள்வார்களாம். அதற்கு ஒரு பரீட்சை. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் இருபது பதிவுகள், பிழையில்லாமல். எந்தெந்தக் குரல் என்று பட்டியலும் இருந்தது. அசைபோடுறவர், உறிஞ்சி எல்லாரும் அதில் இருந்தார்கள். அக்காவின் ஆட்கள்.

"இதுல தேறலன்னா மெஷின் கக்கினத நான் உக்காந்து வழிச்சுப் போடணும்" என்றாள். அவள் முகம் சுளித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று மாலையே இவர் வேலையை ஆரம்பித்தார். ஒன்று சொல்ல வேண்டும். திரையும் சத்தமும் ஒரு மணி நேரத்தில் சரியாயின. கம்ப்யூட்டருக்கும் அதில் செருகியிருக்கும் சாமானுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சின்னப் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயராம். புது சிஸ்டத்துக்குப் புது டிரைவர் வேண்டுமாம். திரைக்கும் சத்தத்துக்கும் அது தானாகக் கிடைத்துவிட்டது. பெடலுக்குக் கிடைக்கவில்லை. பெடலின் பிளக் ஆதிகாலத்துத் தடிமன் பிளக். அதை இப்போதைய துளையில் செருக, நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு மாற்றி வயர். அந்த வயரின் டிரைவர்தான் தகராறு. சாமான்களின் பட்டியலைத் திறந்தால் அதன் தலையில் ஒரு மஞ்சள் முக்கோணம், உள்ளே ஆச்சரியக்குறி. 'இந்தச் சாதனத்தைத் துவக்க முடியவில்லை. குறியீடு 10.' ஏன் முடியவில்லை என்று சொல்லித் தொலைத்தால் என்ன? ஆச்சரியப்படுவதற்கு மட்டும் அதற்குத் தெரிகிறது.

இவர் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி உள்ளே பார்த்தார். சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி, அதில் சிக்கிய கரப்பான் கால்கள். அந்தத் தூசிக்குள் முகத்தை நீட்டி வாயால் ஊதினார். பறந்ததில் பாதி அவர் புருவத்தில் ஒட்டியது. அப்படியே திரும்பிச் சிரித்தார். இந்த மனுஷனோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை இன்டர்நெட்டில் டிரைவர் தேடினார். அந்தக் குப்பைமேட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு பக்கத்தில் ஐந்து பச்சைப் பொத்தான்கள், ஐந்திலும் 'பதிவிறக்கு'. எது நிஜம் என்று தெரியாது. இவர் ஐந்தையும் அழுத்தினார். உடனே ஒரு புரோகிராம் தானாக வந்து உட்கார்ந்து, உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பிழைகள் என்று சிவப்பில் கத்தியது. திரையின் ஓரத்தில் அரைகுறை உடையில் ஒரு பெண் நெளிய ஆரம்பித்தாள், என்ன செய்தும் போகவில்லை. அக்கா கைக்குட்டையை எடுத்துத் திரையின் அந்த மூலையில் போட்டு மூடினாள். அதை எல்லாம் துடைத்து வெளியே தள்ள இவருக்கு முழு மாலையும் ஆயிற்று.

நடுவில் ஒரு கேள்வி பதில் பக்கம் கிடைத்தது. அக்காவின் அதே வயர், அதே குறியீடு 10. யாரோ ஒரு புண்ணியவான் விலாவாரியாகக் கேட்டிருந்தான். கீழே அவனே எழுதியிருந்தான்: 'சரியாகிவிட்டது, நன்றி.' எப்படிச் சரியாயிற்று என்று எழுதவில்லை. பரதேசி. அதற்குக் கீழே முப்பது பேர், எப்படி, எப்படி என்று ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வயர் செய்த கம்பெனியின் பக்கத்தில், இந்தப் பொருளுக்கான உதவியை நிறுத்திவிட்டோம், புதியது வாங்குங்கள் என்று இருந்தது. புது வயர் வாங்கலாம் என்றால் கடைக்காரர் வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார்.

புதன்கிழமை இவருக்கு ஒரு யோசனை வந்தது.

"அக்கா, இது வாங்கும்போது ஒரு சி.டி. குடுத்திருப்பானே?"

அக்கா எழுந்து ஜன்னல் கதவைத் திறந்தாள். வெளியே கம்பியில் நாலு சி.டி.க்கள் நூலில் தொங்கிச் சுழன்றுகொண்டிருந்தன. புறா வராமல் இருக்க அவளே கட்டியது. பன்னிரண்டு வருஷமாகத் தேவைப்படாத சாமான், வெயிலுக்குப் பளபளக்கவாவது ஆகட்டும் என்று கட்டியிருக்கிறாள். புறாக்கள் ஒன்றும் பயந்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது சி.டி.யில் வயர் கம்பெனியின் பெயரும் அதன் மேல் புறாவின் மரியாதையும் இருந்தன. கழுவும் வேலை என்றால் என்னிடம்தானே வரும்? சோப்புப் போட்டு நகத்தால் சுரண்டிக் கழுவினேன். கம்ப்யூட்டர் அதை விழுங்கி, உறுமி, வெளியே துப்பியது. வெயில் அதன் பின்பக்கத்தை எப்போதோ தின்றுவிட்டிருந்தது.

அன்று அக்கா பெடல் இல்லாமல் ஒரு பதிவைச் செய்து பார்த்தாள். கையை எடுத்து, மவுஸைப் பிடித்து, நிறுத்தி, திரும்பக் கீபோர்டுக்கு வந்து. ஐந்து நிமிஷப் பதிவுக்கு ஐம்பது நிமிஷம். கீழே அவள் கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, மேலே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை மாலை இவர் கீழேயிருந்து கத்தினார். ஓடினேன். அக்காவின் கால் பெடலில் இருந்தது. ஹெட்போன் மேஜையில் கிடக்க, அதிலிருந்து அசைபோடுறவர் மெல்லும் சத்தம் கேட்டது. அக்கா காலை எடுத்தாள், நின்றது. இடது ஓரத்தை மிதித்தாள், பின்னால் போனது. நான் அந்த ஆளுடைய வாய்ச் சத்தத்துக்குச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"புது டிரைவர் இந்தப் பழைய வயரைக் கண்டா வேலை செய்ய மாட்டேங்குது" என்றார் இவர். "நாம நாலு நாளா புதுசு புதுசா தேடினோம். பழைய டிரைவர் உள்ளயேதான் இருந்திருக்கு. லிஸ்ட்டைத் திறந்து தேதி பழசா இருக்கறதத் தேர்ந்தெடுத்தேன். முடிஞ்சுது. ஆனா ஒண்ணு, அப்டேட் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணவான்னு பெட்டி வரும். 'பிறகு'ன்னுதான் அழுத்தணும். மறந்து 'இப்போது'ன்னு அழுத்திட்டா புது டிரைவர் மறுபடி வந்து உக்காந்துடும். அப்படி ஆனா என்ன பண்ணணும்னு எழுதி ஒட்டியிருக்கேன்."

இதை எல்லாம் அவர் சொன்னது எனக்கு இப்போது ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் கேட்கவில்லை. அவருடைய நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதிய காகிதம் திரையின் விளிம்பில் ஒட்டியிருந்தது, எங்கோ உரித்த பழைய டேப்பால், டேப்பில் யாருடைய முடியோ. அக்கா மறுநாள் காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டுக்குள் தாராளமாக முடியும் என்றாள். அப்பாடா என்று நான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு இவர் வேலைக்குப் போகும் வழியில் கீழே எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நிமிஷம் நின்று, குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார். ஏழரைக்கு நான் போனேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். அவள் பரீட்சைக்கு உட்காரப் போகிறாள், அந்த மேஜையைப் பார்த்தால் நாலு நாள் இவர் புழங்கிய அலங்கோலம். கீபோர்டில் வறுவல் துணுக்கு, திரை முழுக்க எண்ணெய் ரேகை. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க ஆரம்பித்தேன். அந்த டேப்பும் முடியும் கண்ணில் பட்டன. உரித்தேன். காகிதத்தில் இவருடைய கோழிக் கிறுக்கல். படிக்கவில்லை. கசக்கிச் சமையலறைக் குப்பைக் கூடையில் போட்டேன். திரும்பி வந்தால் திரையின் நடுவில் ஒரு பெட்டி நின்றது. 'இப்போது', 'பிறகு'. துடைக்கிற இடத்தில் கறை மாதிரி நின்றது. அதைப் போகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. 'இப்போது' என்பதை அழுத்தினேன். திரை கறுத்தது. கறுத்த திரையில் எண்ணெய் நன்றாகத் தெரிந்தது, நன்றாகத் துடைத்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. வேலைக்குப் போனேன்.

ஒன்பதே காலுக்கு அக்கா போன் செய்தாள்.

"பெடல் ஓடலடி."

"காலைல அவரு வந்தாருல்ல? அவரேதான்! தொடாம இருக்க முடியாது அந்த மனுஷனுக்கு. எதையாவது நோண்டிட்டுப் போயிருப்பாரு!"

"அவருக்குப் போட்டேன், எடுக்கல."

கிடங்கில் வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார்கள். அது எனக்கும் தெரியும்.

"அவரு ஒட்டின பேப்பர் இருந்தா நானே பண்ணிடுவேன்" என்றாள் அக்கா. "அதையும் காணோம்."

என் கையில் ரத்தக்கறையோடு ஒரு பல் இடுக்கி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரே ஒரு வாக்கியம்தான். குப்பைக் கூடையில் பாருக்கா, நான்தான் போட்டேன். பத்து விநாடி ஆகாது. ஆனால் அதற்கு முந்தின நிமிஷம்தான் அவரேதான் என்று கத்தியிருந்தேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதிலேயே இருந்தது.

"டாக்டர் கூப்பிடறாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். டாக்டர் கூப்பிடவில்லை.

பத்தரை மணிக்கு, சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். ஹெட்போனை மாட்டியிருந்தாளோ என்னவோ, எடுக்கவில்லை. ஐந்து தடவை மணி அடித்ததும் வைத்துவிட்டேன், ஆறாவது அடிக்கு எடுத்துவிடுவாளோ என்று பயந்து. வீடு பன்னிரண்டு நிமிஷ நடை. போகவில்லை. கழுவிய கருவிகளையே மறுபடி எடுத்துக் கழுவினேன். பதினொன்றரைக்கு, இனிமேல் சொல்லி என்ன பிரயோஜனம் என்று எனக்கு நானே சொன்னேன். அப்போது வந்த நிம்மதி இருக்கிறதே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னைப் பார்த்து எனக்கே குமட்டியது.

பன்னிரண்டு மணிக்கு அக்கா ஏழு பதிவுகள் அனுப்பியிருந்தாள். மவுஸைப் பிடித்துப் பிடித்து, ஏழு. ஏழிலும் ஒரு பிழை கிடையாது. இரண்டு மணிக்குப் பதில் வந்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து திருத்தும் வேலை என்று.

மாலை கிடங்கிலிருந்து இவர் நேராகக் கீழ் வீட்டுக்கே வந்தார். அக்கா நடந்ததைச் சொன்னாள், குரலை உயர்த்தாமல். இவர் குளியலறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பட்டியலைத் திறந்தார், பழைய தேதியைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. அக்கா பெடலை மிதித்தாள். ஹெட்போனில் உறிஞ்சி மூக்கை உறிஞ்சினார். அக்கா காலை எடுத்துவிட்டாள்.

"நான் எதையும் தொட்ட மாதிரி ஞாபகம் இல்லக்கா" என்றார் இவர். பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா என் கையைப் பத்தி எனக்கே தெரியும். பேப்பரையும் எங்கயாவது வச்சிருப்பேன். தப்பு என்னுதுதான்."

"இனிமே இதைத் தொடாதீங்க மாப்பிள்ளை. கோவமா சொல்லல."

"சரிக்கா."

அவர் என்னைப் பார்த்தார். வழக்கமாக நான் திட்டுகிற இடம் அது. எனக்காகக் காத்திருந்தார். நான் திட்டாததை அவர் கருணை என்று எடுத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. மெல்ல எழுந்து மாடிக்குப் போனார்.

அக்கா கம்ப்யூட்டருக்கு ஒரு புதுப் பாஸ்வேர்ட் போட்டாள். யாரும் இல்லாத வீட்டில் கதவை வேறு சாத்திவிட்டு, என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒருத்தருக்காவது தெரியணும். உங்கிட்ட மட்டும் சொல்றேன். நீதான் தேவையில்லாம எதையும் தொடமாட்ட."

என் காதருகே குனிந்து சொன்னாள். ஏழெழுத்து.

"சொல்லு பாப்போம்" என்றாள். நான் திருப்பிச் சொன்னேன், ஒரு எழுத்துப் பிசகாமல்.